வயலின் மட்டும் சொன்ன பெயர்

குடி, நல்லாய்க் குடி. வாயைத் திறக்காமல் இருக்க உனக்கு ஒரு கோப்பை கிடைத்திருக்கிறது, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள். எல்லாம் தெரிந்தவன் நீ. அந்தக் குசினிக்குள்ளே, அடுப்புக்கு எதிரே கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கழுத்துப்பட்டியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரைக்கும் கேட்டவன் நீ. இன்றைக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, செத்தவனின் கூடப்பிறந்தவன்போல முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் கையையெல்லாம் பிடித்துக் கண்ணை மூடித் திறக்கிறாய். கள்ளன். அவராவது செத்துப்போனார், செத்துப்போனதே ஒரு சாட்டு. உனக்கு என்ன சாட்டு இருக்கிறது? வாய் இருக்கிறது, பல் இருக்கிறது, அந்தப் பல்லும் புதுசாய்க் கட்டினது, நாக்கு இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை வருசமாய் அதைக் கொண்டு சாப்பிட மட்டும் செய்கிறாய்?

இதில் ஒரு சொல்லும் மலரின் வாயிலிருந்து வெளியே வரவில்லை. வெளியே வந்தது, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்பது மட்டும்தான். வயலின்காரக் கிழவர் கோப்பையை இரண்டு விரலுக்கிடையில் லேசாக ஆட்டினார். ஆட்டினால் போதும் என்று அர்த்தம், ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும், அது இந்த மனிதர்களின் முறை. மலர் அடுத்த கதிரைக்கு நகர்ந்தாள். இடது கையில் மூக்கு நீண்ட பித்தளைக் கேத்தல், வலது கையில் ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கின கைப்பிடியில்லாத கோப்பைகள். சாவு வீட்டுக் கோப்பி, சீனி கிடையாது, நாக்கின் அடியில் போய்க் கசக்கிற கோப்பி. நஜீப் ஹர்மூஷ் செத்து மூன்றாம் நாள் பின்னேரம். பெய்ரூத்தில் கடலைப் பார்த்த அந்த வீட்டின் பெரிய மண்டபத்தில் சுவரோரமாய்க் கதிரைகள், கதிரைகளில் மந்திரிமார், பாட்டுக்காரர், படம் பிடிக்கிறவர்கள், அவருடைய மலைக் கிராமத்திலிருந்து வந்த வெள்ளைத் தலைப்பாகைக் கிழவர்கள். பாரிசிலிருந்து கடைசி நாளுக்கு வந்து நின்ற மகள் ரீமா, அவர் கண் மூடினதும் முதல் வேலையாக ஒரு ஹோட்டலில் சொல்லி வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேரை ஊற்றுகிறதுக்கு எடுத்திருந்தாள். மலர் ஒருவனின் கையிலிருந்த கேத்தலைப் பறித்தாள். "இஞ்ச பாருங்க ரீமா, உயிரோட இருக்கேக்க அவருக்கு நான்தான் ஊத்தினன். செத்தாப்போல கையுறையா?" ரீமாவுக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. "சரி மாலா, நீயே ஊத்து" என்றாள். மாலா. இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே ரீமாவின் தாய் வைத்த பெயர். புவனமலர் என்பது அவர்கள் வாயில் நிற்கவில்லையாம். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருத்தியின் பெயரைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கையில் கிடைத்த பெயரை மாட்டிவிட்டார்கள். உஸ்தாத் என்று எல்லாரும் கூப்பிடுகிற நஜீப் மட்டும்தான் பாதியையாவது காப்பாற்றினார், மலர் என்றார். பாதிப் பெயர். பாதி நீதி. பாதிக்கு மேலே அந்த மனிதனால் ஒருநாளும் போக முடிந்ததில்லை.

மண்டபத்து மூலையில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, மூன்று நாளாய் எந்தப் பக்கம் திருப்பினாலும் அவருடைய படம்தான். இப்போது மீன்காரனாக வருகிற படம். கொஞ்ச நேரத்தில் செத்துவிடுவார். எல்லாப் படத்திலும் சாவார், காசநோயில் சாவார், கத்திக்குத்தில் சாவார், ரயிலுக்கடியில் சாவார், சாகிறதுக்கு முன்னால் ஒரு பாட்டு இருக்கும். பின்னேரங்களில் பழைய படம் போட்டால் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்வார், அவள் குசினி முக்காலியைக் கொண்டுவந்து கதவோரம் உட்காருவாள். அரபி அவளுடைய காதுக்குள் போனதும் மட்டக்களப்புத் தமிழாய்த்தான் இறங்கும், அவர் பேசினதெல்லாம் அவளுக்கு அப்படித்தான் ஞாபகம். "பார் மலர், வடிவாச் சாகிறன் என்ன? சாகிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உயிரோட நடிக்கிறதெல்லாம் சும்மா." "நல்லாத்தான் சாகிறீங்க. ஆனா தலமுடி கலையாமச் சாகிறீங்களே." சிரித்துச் சிரித்து இருமுவார். அந்த இருமல்தான் பிறகு நிற்காத இருமலானது. நிசச் சாவில் தலைமுடி கலைந்தது, தலைமுடியே இல்லாமல் போனது. மலையில் கல்லுடைக்கிற தகப்பனுக்குப் பிறந்து, கல்லுடைக்கிறவர்களின் சம்மட்டி ஒன்றாய் விழவேண்டும் என்று பாடத் தொடங்கி, எலுமிச்சம்பழ லொறியில் ஏறி நகரத்துக்கு இறங்கி, வானொலியில் பாடி, படத்தில் பாடி, அரபி தெரிந்த நாடெல்லாம் தேநீர்க் கடையில் தொங்குகிற படமாகிப்போன மனிதன், கடைசியில் மலரின் இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு மூட்டையாக இருந்தார். தூக்கித் திருப்பிப் படுக்க வைத்தது அவள். புண்ணுக்கு மருந்து போட்டது அவள். நாற்றம் இருக்கத்தான் செய்தது. அந்தக் கதையை இந்தத் தொலைக்காட்சிக்காரன் கேட்கமாட்டான், கேட்டால் படம் விலைபோகாது.

முந்தநாள் பெட்டியைத் தெருவில் கொண்டுபோகும்போது சனம் அதை வண்டியில் ஏற்ற விடவில்லை, தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு ஆறு மாதிரி ஓடினார்கள். மாடியெல்லாம் பெண்கள், அரிசியும் ரோசாப்பூவும் கொட்டினார்கள். யாரோ ஒருத்தி தொடங்கினாள், பிறகு அடுத்த மாடி, பிறகு தெருவே பாடியது, அந்தப் பாட்டை. கப்பல் என்று சொல்வார்கள் அதற்கு. கப்பலேறிப் போன காதலியைக் கடலிடம் கேட்கிற பாட்டு. கல்யாண வீட்டிலும் போடுவார்கள், சாவு வீட்டிலும் போடுவார்கள், டாக்ஸிக்காரன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு பாடுவான், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போனில் மணியாக அடிக்கும். மலர் பல்கனியில் நின்று கேத்தலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள். பக்கத்து மாடிக்காரி பார்த்துவிட்டு, பாவம், எசமானைத் தாங்க முடியவில்லை என்று நினைத்திருப்பாள். பொத்தின காதுக்குள்ளும் பாட்டு நின்றது. உள்ளே இருந்து வருகிறதைப் பொத்தி என்ன, விட்டு என்ன. அது அவளுடைய வயிற்றிலிருந்து வந்த பாட்டு. பிள்ளை சுகந்தினியைத் தூங்க வைக்கப் போட்ட ஓராட்டு. ஊரில் எல்லாத் தாயும் பிள்ளைக்கு ஓராட்டுவாள், சொல்லெல்லாம் வைத்து, மாமன் கதை மச்சான் கதை வைத்து. மலருக்குச் சொல் வராது, சந்தையில் கத்தித்தான் பழக்கம். அதனால் சொல் இல்லாமல் ஓ என்று இழுத்து இழுத்து அவளே ஒன்று உண்டாக்கினாள், வாவிக் காற்று ஓலைக்கூரையில் உரசுகிற மாதிரி, ஏறி, நின்று, வழுக்கி, கடைசியில் நாலு சுரத்தில் பிள்ளையின் பெயர் மட்டும் வந்து விழும். சு, கந், தி, னி. அந்த நாலில் பிள்ளை கண்ணை மூடும். மூடாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. வெளிநாட்டுக்கு வந்த பிறகும் தங்கச்சி வீட்டுப் போனில் பிள்ளை அதைத்தான் முணுமுணுக்கும், கதைக்கத் தெரிந்த பிள்ளை கதைக்காமல் அதை முணுமுணுக்கும், காசுக் கார்ட் முடிந்து போகும்வரைக்கும்.

மறுகா வந்தது அந்த மார்கழி. நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு மணல், அதில்தான் தங்கச்சி வீடு. தங்கச்சி போனில் முதலில் சொன்னது இரண்டே சொல். "கடல் வந்திட்டுது." பிறகு, புள்ளைட உடம்பு கிடைக்கேல்ல அக்கா, வந்து என்ன செய்யப் போறாய், பார்க்க ஒண்டும் இல்ல. பார்க்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவள் சமைத்தாள். எல்லாரும் கேட்பார்கள் எப்படிச் சமைத்தாய் என்று, வேறு என்ன செய்வதாம், கை வேலை செய்தது. பூசணிக்காய் மாதிரி இங்கே ஒரு சின்னக் காய், அதைக் குடைந்து குடைந்து உள்ளே இருக்கிறதை எடுத்துக்கொண்டிருந்தாள், அப்போது வாய் தன்பாட்டில் ஓராட்டத் தொடங்கிவிட்டது. உஸ்தாத் தண்ணீர் எடுக்க வெறுங்காலோடு வந்தவர். பின்னால் வயலின்காரன், பக்கத்து அறையில் இரண்டு பேருமாகப் பழகிக்கொண்டிருந்தவர்கள். உஸ்தாத் தண்ணீரை மறந்து, முழங்கால் வலியையும் மறந்து, குசினித் தரையில் உட்கார்ந்தார். "திரும்பப் பாடு." பாடினாள். "திரும்ப." பாடினாள். அந்த நாலு சுரத்துக்கு வரும்போது அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். அங்கேதான் எல்லாம் சிக்குகிறது. அந்த அழுகை நடிப்பாக இருந்திருந்தால் மலர் அந்த மனிதனை நல்லபடியாக வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். நடிப்பு அவளுக்குத் தெரியும், அத்தனை படமும் பார்த்தவள். அது நடிப்பில்லை. நிசமாய் அழுதுவிட்டு நிசமாய்த் திருடினார். எந்தச் சந்தையிலும் இப்படி ஒருவனை அவள் கண்டதில்லை.

"நில்லு மாலா, அந்தப் பக்கம் போகாத." ரீமாவின் குரல். தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள், வயரை இழுத்து, விளக்கைத் தூக்கி, உஸ்தாத்தின் பெரிய படத்துக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டு, அதற்கு எதிரே இன்னொன்றைப் போட்டிருந்தார்கள். வெயில் இறங்குகிறதுக்குள் வயலின்காரரை அதில் உட்கார வைத்து, கப்பல் பிறந்த கதையைச் சொல்ல வைக்கப்போகிறார்கள். நாடெல்லாம் பார்க்கும். இந்த வீட்டையே நினைவில்லமாக்கப் போகிறார்களாம், வாசலில் கல்லில் வெட்டுவதும் அந்தக் கதையைத்தானாம், ரீமா காலையில் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லில் வெட்டினதை யார் சுரண்டப் போகிறார்கள். இன்றைக்கு இவன் என்ன சொல்கிறானோ அதுதான் கதை, அதற்குப் பிறகு சுகந்தினி என்று ஒரு பிள்ளை பிறக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை, கடல் யாரையும் கொண்டுபோகவும் இல்லை. கேத்தல் கைக்குள் சுட்டது. துணியை மடித்துப் பிடித்தாள். அடுத்த கதிரையில் இருந்தவர் கோப்பையை வாங்காமல் அவளையே பார்த்தார். மரக்கறிக் கடை அபூ ஜோர்ஜ், சவரம் செய்து, யாருடையதோ கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இருபது வருசமாய் அவரோடு சண்டை. "இது தக்காளியா, உங்கட மாமியார்ட கன்னமா" என்று மலர் கேட்பாள். "எடுக்காட்டிப் போ, உஸ்தாத்துக்குச் சொல்லுறன் நீ அவரைப் பட்டினி போடுறாய் எண்டு" என்று அவர் கத்துவார். இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தி முடிந்ததும் அவர் ஒரு கட்டுக் கீரையைச் சும்மா எறிவார். அந்த மனிதன் இப்போது குரலைத் தாழ்த்தி, "வாசல்ல நிண்டு எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிட்டன். உனக்கு ஆரும் சொன்னாங்களா?" என்றார். மலர் கோப்பையை அவர் கையில் வைத்தாள். "அப்ப நான் சொல்லுறன். உன்ட தலைக்குச் சுகம் வரட்டும்." கசப்பை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை ஆட்டினார். வரப்பார்த்த அழுகையை மலர் திட்டி உள்ளே அனுப்பினாள். இப்ப இல்ல. இப்ப வந்தா நான் கேட்டதையெல்லாம் விட்டுக்குடுத்திடுவன்.

பேரத்தில் அழுகிறவள் தோற்றவள். அவள் தோற்றது ஒரே ஒரு பேரம். அதுவும் அழாமல் தோற்றாள். ஊத் என்கிற நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உஸ்தாத் அந்த ஓராட்டைத் தடவித் தடவி வாசித்ததைக் கேட்டுக் கரண்டியோடு உள்ளே ஓடினவள் அவள். "இது என்ட புள்ளைட. வைச்சிட்டு எழும்புங்க." அவர் எழும்பவில்லை, "தா மலர்" என்றார். பிள்ளை மாதிரிக் கேட்டார். காப்புத் தாறன் என்றார், ஊரில் வீடு கட்டித் தாறன் என்றார். அவள் கேட்டது ஒன்றுதான். "பாடுறதுக்கு முன்னால ஒருக்காச் சொல்லோணும். இது சுகந்தினிட பாட்டு, தாய் புவனமலர் போட்டது எண்டு. அவ்வளவுதான்." "ஒவ்வொருக்காவுமா?" "ஒவ்வொருக்காவும்." "முதல்தரம் மட்டும் சொன்னாப் போதாதா?" "ஒவ்வொருக்காவும். கடல் ஒருக்காத்தான் வந்திச்சு, நான் ஒவ்வொரு நாளும் எழும்புறன்." அவர் மீசையைப் பிடித்தார். அவர்கள் மலையில் மீசையைத் தொட்டுச் சொன்னால் அது தலையை அடகு வைத்த மாதிரி. அவள் கையை நீட்டினாள், அவர் பிடித்தார், அந்த இரண்டு கைக்கும் மேலே மூன்றாவதாய் ஒரு கை வந்து விழுந்தது. சாட்சிக் கை. விரல் நுனியில் நரம்பு அறுத்த காய்ப்போடு. உன்னுடைய கை.

முதல் கச்சேரியைக் குசினியிலிருந்த சின்னத் தொலைக்காட்சியில் பார்த்தாள், சீலை உடுத்துப் பார்த்தாள், அந்த வீட்டில் அவள் சீலை உடுத்த ஒரே நாள். உஸ்தாத் மேடைக்கு வந்தார், வாயைத் திறந்தார், "இது என்ட தாய்க்கு" என்றார். பாடினார். நன்றாகப் பாடினார், அந்த அநியாயத்தை என்னவென்று சொல்வது, கல்லும் கரைகிற மாதிரிப் பாடினார். கடைசியில் பெயர் வருகிற இடத்துக்கு வந்து நிறுத்தினார். சொல் இல்லை. அந்த இடத்தில் வயலின் மட்டும் நாலு சுரம். சனம் எழும்பி நின்றது. அந்த மௌனத்தைப் பற்றிப் படித்தவர்கள் எழுதித் தள்ளினார்கள், ஒரு மேதைதான் அங்கே வாயை மூடுவான் என்று. மலர் அன்றைக்கு உடைத்த பீங்கான் எத்தனையென்று பார்க்கவில்லை. "அந்த இடத்தில நான் வேற சொல்லு வைக்கேல்ல மலர், அது அவள்ட இடம், வயலின் அவள்ட பேரைத்தான் சொல்லுது" என்று அவர் நின்று கெஞ்சினார். "வயலின் சொன்னா ஆருக்கு விளங்கும்? எனக்கு விளங்கும், உங்களுக்கு விளங்கும், உந்த வயலின்காரனுக்கு விளங்கும். மூண்டு பேருக்குச் சொல்லவா மேடை?" அடுத்த கச்சேரியில் என்றார். அடுத்ததிலும் அடுத்ததில் என்றார். அப்போது கதவு நிலையில் நின்று நீ சொன்னாய், மெதுவாய், அவளுக்குக் கேட்காது என்று நினைத்து. "விடு நஜீப். வேலைக்காரி பிள்ளையைத் தூங்க வைச்ச பாட்டெண்டு தெரிஞ்சா இது பாட்டா இருக்காது, கதையாப் போயிடும்." அவள் அரபி படித்ததே சந்தையில்தான், மெதுவாய்ச் சொல்கிறதுதான் அவளுக்கு முதலில் கேட்கும். விலை குறைக்கிறவன் எப்போதும் மெதுவாய்த்தான் சொல்வான். அந்த ஒரு சொல்லில்தான் அவர் மீசையை ஒரேயடியாய் விட்டார். அவர் கோழை, சரி. கோழைக்குப் பக்கத்தில் நின்று விசிறினது நீ.

பிறகு அந்தத் தாய்க் கதை வளர்ந்தது. தாய் செத்த இரவில், மலையில், காற்று கொண்டுவந்து கொடுத்த மெட்டாம். சொல்லச் சொல்ல அவரே நம்பத் தொடங்கிவிட்டார் என்று ஒரு சந்தேகம். போகட்டும். அதைவிட மோசமானது வேறு. பிள்ளையின் முகத்தை எடுக்கவேண்டுமென்றால் மலருக்கு ஒரு வழிதான் இருந்தது, கண்ணை மூடி ஓராட்ட வேண்டும், நாலாவது சுரத்தில் முகம் வரும், தூக்கத்தில் பிளந்த வாய், உதட்டில் வழிகிற எச்சில், நெற்றியில் கறுப்புப் பொட்டு. கப்பல் வந்த பிறகு கண்ணை மூடினால் ஐம்பது வயலின் வருகிறது. கைதட்டுகிறார்கள். கைதட்டலுக்குப் பின்னால் எங்கோ பிள்ளை இருக்கிறாள், கூட்டத்தில் கையை விட்ட பிள்ளை மாதிரி, பொட்டு மட்டும் தெரிகிறது, வாய் தெரியவில்லை. போன மாதம் பொட்டும் வட்டமா நீளமா என்று மறந்துபோய், எழும்பி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கடல் உடம்பைத்தான் கொண்டுபோனது. முகத்தைக் கொண்டுபோனது இவர்கள். அதனால்தான் கடைசியில் அவர் கேட்டபோது அவள் பாடவில்லை. மூக்கில் குழாயோடு கிடந்தார், குரல் இல்லை, உதட்டால் கேட்டார், மலர், அதைப் பாடு. அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "முதல்ல நீங்க சொல்லுங்க. டாக்டர் நிக்கிறார், ரீமா நிக்கிறா, ரெண்டு பேருக்கு முன்னால சொல்லுங்க, பாடுறன்." அவருக்குச் சொல்ல ஏலாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அவர் பார்த்தார். கோபமில்லாமல் பார்த்தார், அதுதான் தூங்கவிடாத பார்வை, கோபமாய்ப் பார்த்திருந்தால் திருப்பிக் கோபித்திருப்பாள். பாடியிருந்தால் என்ன? ஒரு தரம், அந்த மனிதனுக்கும் கண் மூடவேண்டும்தானே. இல்லை. பாடியிருந்தால் சும்மா கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். சும்மா கொடுக்கிறதுக்கு அது அவளுடையதா, பிள்ளையுடையது. இதிலேயே மூன்று நாளாய்ச் சுற்றுகிறாள், மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி, ஊற்றுகிறாள், நகர்கிறாள், ஊற்றுகிறாள்.

வெள்ளைத் தலைப்பாகைக் கிழவர்களின் வரிசை வந்தது. மூத்தவரின் கோப்பையை நிரப்பும்போது அவள் தன் கையை அடியில் கொடுத்துத் தாங்கினாள். இந்தக் கிழவரை அவளுக்குத் தெரியும். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதுசில் ஒருநாள் வந்திருந்தார், இன்னும் பல் எல்லாம் இருந்த காலம். கோப்பி கொடுத்தாள், வாங்கினார், குடிக்காமல் முன்னால் இருந்த சின்ன மேசையில் வைத்தார். மலர் பார்த்தாள், ஆறிப்போய் அடியில் வண்டல் படிந்துவிட்டது, நல்ல வேலைக்காரி என்ன செய்வாள், எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிவிட்டாள். உஸ்தாத் குசினிக்குள் ஓடிவந்தார், முகம் வெளிறிப்போய். "என்ன செய்தாய் மலர்? அந்த மனிசன் கேக்க வந்ததையே கழுவி ஊத்திட்டியே." பிறகுதான் விளங்கப்படுத்தினார். மலையிலே ஒருவன் ஒரு வீட்டுக்குக் கேட்க வந்தால் வாயைத் திறந்து கேட்கமாட்டான். ஊற்றின கோப்பையைக் குடிக்காமல் வைப்பான். வைத்தால் ஊற்றின வீட்டுக்காரன் கேட்டே ஆகவேண்டும், என்ன வேணும் சொல்லு என்று. கோப்பை ஆற விடுகிறது வீட்டுக்காரனுக்கு மானக்கேடு. கேட்டதை நிறைவேற்றும்வரைக்கும் அவன் குடிக்கமாட்டான், நிறைவேற்றாமல் எழும்பிப் போனால் அந்த வீட்டுக் கோப்பியை ஊரில் ஒருவரும் தொடமாட்டார்கள். அவளைக் கொண்டு புதுசாய் ஊற்ற வைத்தார். கிழவர் திரும்பவும் குடிக்காமல் வைத்தார். உஸ்தாத், "குடியுங்க, வந்த காரியம் முடிஞ்சுது" என்றார். கிழவரின் மகன் ஓட்டின லொறியில் உஸ்தாத்தின் தமையன் மகன் செத்திருந்தான், பகை வேண்டாம் என்று கேட்க வந்திருந்தார். ஒரு கோப்பையில் ஒரு உயிரின் கணக்குத் தீர்ந்தது. கிழவர் குடித்துவிட்டு அழுதார். மலருக்கு அன்றைக்கு ஆச்சரியமாய் இருந்தது, நம்மூரில் இதற்குக் கத்தவேண்டும், மண் அள்ளித் தூற்றவேண்டும், கோயிலில் தேங்காய் அடிக்கவேண்டும். இங்கே ஒரு கோப்பை. இருபது வருசம் இந்த வீட்டில் எல்லாருக்கும் ஊற்றினாள். அவளுக்கு ஒருவரும் ஊற்றினதில்லை. ஊற்றினால்தானே குடிக்காமல் வைக்கலாம்.

விளக்கு எரிந்தது. மண்டபத்தின் அந்த மூலை மட்டும் நடுப்பகல் மாதிரி ஆனது. வயலின்காரர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். எதிர்க் கதிரை காலியாய் இருந்தது, கேள்வி கேட்கிற பெண் கமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். "தொடங்கலாம் ஐயா. கப்பல் எப்படிப் பிறந்தது?" கிழவர் தொண்டையைச் செருமினார். "அது அவருடைய தாய் இறந்த இரவு" என்றார். "மலையில காற்று." குரல் நல்லாய்த்தான் நடுங்கியது. மலரின் கால் நடந்தது. யோசித்து நடக்கவில்லை, யோசித்திருந்தால் ரீமாவின் முகம், விமானச் சீட்டு, வயசு, ஊரில் எஞ்சியிருக்கிற தங்கச்சி எல்லாம் குறுக்கே வந்து நின்றிருக்கும். வெளிச்சத்துக்குள் போனாள், வயர் காலில் தட்டியது, தாண்டினாள். கேத்தலைக் கிழவரின் கையில் வைத்தாள். சூடு பட்டதும் அவர் பிடித்துக்கொண்டார், பிடிக்காமல் என்ன செய்வார். ஒரு கோப்பையை அவருக்கு முன்னால் நீட்டினாள். கேத்தல் யார் கையில் இருக்கிறதோ அவன் ஊற்றவேண்டும், பிறந்ததிலிருந்து பழகின கை அது, மண்டை யோசிக்கிறதுக்குள் ஊற்றிவிட்டது. மலர் காலிக் கதிரையில் உட்கார்ந்தாள். அந்த மண்டபத்துக் கதிரையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்தரம், மெத்தை இவ்வளவு பள்ளமாய் இறங்கும் என்று துடைத்தவளுக்கே தெரியாது. கோப்பையை, நிறைந்தபடியே, இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த மேசையில் வைத்தாள்.

"மாலா, என்ன இது, எழும்பு, படம் எடுக்கினம்." ரீமா பக்கத்தில் வந்து குனிந்து தோளைத் தொட்டாள். மலர் அசையவில்லை. "விசராடி உனக்கு, பிறகு கதைப்பம், வா." கமராக்காரன், நிற்பாட்டவா என்று கேட்டான். சுவரோரமிருந்து ஒரு தடி தரையில் தட்டின சத்தம் கேட்டது. மூத்த கிழவர். "பொறு மகள்" என்றார். "கோப்பை கீழ இருக்கு." ரீமா திரும்பிப் பார்த்தாள், பாரிசில் வளர்ந்தவள், விளங்கவில்லை. ஆனால் அந்த வரிசை முழுவதும் கோப்பைகளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுபோனது, ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அபூ ஜோர்ஜ் எழும்பி நின்றார். தொலைக்காட்சியில் மீன்காரன் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தான். "இந்த வீட்டுச் சார்பில வந்தவங்கட கையெல்லாம் பிடிச்சது நீதானே" என்று கிழவர் வயலின்காரரைப் பார்த்துச் சொன்னார். "நீதான் ஊத்தினாய். கேள் அவளிட்ட. ஆறுது."

வயலின்காரர் கேட்கவில்லை. கேத்தலை மடியில் வைத்துக்கொண்டு கோப்பையையே பார்த்தார். ஆவி மெலிந்துகொண்டு போனது. அவருடைய இடது கை முழங்காலில் கிடந்தது. அந்தக் கையை மலர் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தங்கள்பாட்டில் அழுந்தின. ஒன்று. பிறகு ஒன்று. நீண்டு ஒன்று. கடைசியில் சுண்டுவிரல். நாலு சுரம். எத்தனை மேடையில் அழுத்தின விரல், பொய் சொல்ல அதற்குத் தெரியாது. உனக்கு மறக்கவே இல்லை. மறந்துபோயிருப்பாய் என்று ஒரு சின்ன நினைப்பாவது எனக்கு இருந்தது, அதையும் இப்போது நீயே அழித்துவிட்டாய்.

"என்ன வேணும்?" என்றார் கடைசியில், கோப்பையிடம் கேட்கிற மாதிரி.

"எனக்கு ஒண்டும் வேணாம்" என்றாள் மலர். "உங்கட விரல் இப்ப சொன்னதை வாயால சொல்லுங்க. அவள்ட பேரு. முழுசா. அந்த விளக்கு எரியேக்கயே." கையை எடுத்துக் கோப்பையைச் சற்று அவர் பக்கமாய்த் தள்ளினாள். "வயலின் போதும். வாயால சொல்லு."